முப்பத்தொரு பட்டனும் வெறும் வயிற்றுக் கூட்டமும்

1. ஸ்க்ரீன்ஷாட் போதும் சார்

கம்ப்யூட்டர் திரையின் அடியில் ஒரு பட்டை கிடக்கும். திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் அதில் ஒரு பட்டன். டாஸ்க்பார் என்று பெயர். இருபது வருடமாக அந்தப் பட்டையை டிசைன் செய்துதான் பிழைக்கிறேன். என்ன வேலை என்று என் மாமியாருக்கு விளக்கி விளக்கிப் பார்த்து விட்டுவிட்டேன். சொந்தக்காரர்களிடம் அவர் என்னை பேங்க் உத்தியோகம் என்றே சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் பெரிய பெரிய சாதனைகளைக் கேட்கிறார்கள். நான் சொல்வது ஆழ்வார்பேட்டை லேப் கதையைத்தான்.

அப்போது தேனாம்பேட்டையில் ஒரு மாடியறையில் நாங்கள் நாலு பேர், கிளினிக்குகளுக்கென்று தனியாக ஒரு டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். முதலாளி பாஸ்கர் சார். முதல் கஸ்டமர், ஆழ்வார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்.

"ஒரு நாள் ட்ரயல். அவங்க சரின்னு கையெழுத்து போட்டு சைன்-ஆஃப் குடுத்தா ப்ராஜெக்ட் ஓடும். இல்லேன்னா கடையைக் கட்டிட வேண்டியதுதான். சுமதி, ஒரு தடவை போய் அந்த கவுன்டர்ல உக்காந்து பாத்துட்டு வந்துடும்மா" என்றார்.

"எதுக்கு சார்? ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்காங்களே, அது போதும்" என்றேன். வெயிலில் அலைய சோம்பல். அதைவிட, எனக்குத் தெரியாததா என்கிற திமிர்.

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நாங்கள் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. டாஸ்க்பாரில் முப்பத்தொரு பட்டன்கள். எல்லாம் ஒரே சாஃப்ட்வேரின் ஒரே ஃபார்ம், ஆளுக்கு ஒன்று. நெருக்கியடித்து, ஒவ்வொன்றிலும் பேரின் முதல் இரண்டு எழுத்துதான் தெரிகிறது. "கவுன்டர்ல இருக்கிற இந்தம்மாவுக்கு விண்டோவை மூடவே தெரியாதா?" என்று கேட்டேன். அந்தப் படத்தை என் ப்ரசன்டேஷனில் 'பழைய அலங்கோலம்' என்று தலைப்பிட்டு முதல் ஸ்லைடாகவும் வைத்தேன்.

என் டிசைன் அழகாக இருந்தது. முப்பத்தொன்றையும் ஒரே பட்டனுக்குள் க்ரூப் பண்ணினேன். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். கடைசியாகத் திறந்தது மேலே நிற்கும். வேலை இல்லாதபோது பட்டையே மறைந்துகொள்ளும். திரை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பாஸ்கர் சார் கைதட்டினார்.

2. ட்ரயல் நாள்

காலை ஆறு மணிக்கு லேப் திறந்துவிடும். பேர் பதிவதும் கூப்பிடுவதும் ஒரே கவுன்டர். ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க ஆரம்பிப்பார்கள். வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சுகர் டெஸ்ட்டுக்காக ராத்திரியிலிருந்து பட்டினி. இதை நான் எந்த ஸ்லைடிலும் எழுதவில்லை.

நான் போய்ச் சேர ஏழேகால். கவுன்டரில் மும்தாஜ் அக்கா. பதினாலு வருடமாக அந்த நாற்காலி அவருடையது. பட்டினிக் கூட்டத்தைப் பதினாலு வருடம் ஒரு சண்டை இல்லாமல் சமாளித்தவர். அன்றைக்கு முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அடியில ஒரு பட்டை இருந்துச்சேம்மா, அது எங்க போச்சு?"

"மவுஸை கீழ கொண்டுபோனா வரும்க்கா."

"வருது. கையை எடுத்தா ஓடிப்போவுது. நான் வேலை பாக்கிறதா, அதைத் தொரத்திக்கினு இருக்கிறதா?"

பழகிவிடும் என்று சொன்னேன். எங்கள் தொழிலில் பதில் தெரியாதபோது சொல்கிற வார்த்தை அது. அவர் பட்டியலை விரித்து, முதலில் இருந்த பேரைக் கூப்பிட்டார். ஒருவர் எழுந்து போனார். பிறகு அடுத்தவர். நாலாவது பேரைக் கூப்பிட்டதும் வேட்டி கட்டிய மயிலாப்பூர் மாமா ஒருவர் எழுந்து கவுன்டருக்கு வந்தார்.

"ஏம்மா, நான் ஆறு மணிக்கே வந்துட்டேன். ஒரு வாய் காபி கூட குடிக்காம உக்காந்துண்டிருக்கேன். இப்பத்தான் அவர் செருப்பைக் கழட்டிண்டு உள்ள வரார், அவரைக் கூப்பிடறேளே!"

பின்னாலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். "அதானே! நேத்து துன்னது. ஆறு மணிலேந்து குந்திக்கினு கீறேன், பசி காதை அடைக்குது. தெரிஞ்சவங்களுக்குத்தான் முதல் மரியாதையா?"

அவ்வளவுதான், லேப் சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒரு அம்மா தலை சுற்றுகிறது என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். அவர் கணவர், "சாப்பிட்டா மறுபடி நாளைக்கு வரணும்டி" என்று பிடுங்கினார்.

மும்தாஜ் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "முன்னாடி வந்தவங்க இடது பக்கம் இருப்பாங்கம்மா. பேரைக் கூப்பிட்டு, ரத்தம் எடுத்ததும் மூடிருவேன். மிச்சம் பேரு ஒவ்வொரு எடமா நகந்து வருவாங்க. இப்போ எல்லாரையும் எங்கம்மா போட்டு அடைச்சே?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அலங்கோலம் என்று சிரித்த அந்தப் பட்டைதான் க்யூ. அந்த லேபில் டோக்கன் கிடையாது. மும்தாஜ் அக்காவின் டாஸ்க்பார்தான் டோக்கன். மேலே இருப்பவர்தான் முதல் ஆள் என்று அவர் நினைத்துக் கூப்பிட, என் பட்டியலோ கடைசியில் வந்தவரை மேலே வைத்திருந்தது. வரிசையைத் தலைகீழாகப் புரட்டியிருந்தேன்.

சத்தம் கேட்டு மேனேஜர் சிதம்பரம் இறங்கி வந்தார். "மும்தாஜ், என்னது இது? எத்தனை கம்ப்ளெய்ன்ட்! ஏன் இப்படி ஆச்சுன்னு எழுதிக் குடுங்க."

அந்த நேரம் பார்த்து பாஸ்கர் சார் போன். விஷயத்தைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ட்ரெய்னிங் இஷ்யூன்னு சொல்லிடு சுமதி. நம்ம டிசைன் தப்புன்னா ப்ராஜெக்ட் இன்னிக்கே காலி" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன், சொல்லிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. நாலு பேர் சம்பளம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மும்தாஜ் அக்கா டிராயரைத் திறந்து வெள்ளைத்தாள் எடுத்துவிட்டார். பதினாலு வருடத்தில் முதல் விளக்கக் கடிதம், அதுவும் நான் செய்த காரியத்துக்கு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சார், அவங்க எழுத வேண்டாம். தப்பு என்னோடது. இங்க வந்து பாக்காமலே டிசைன் பண்ணிட்டேன். பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

சிதம்பரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்துதான்."

க்ரூப் பண்ணுவதை அணைத்தேன். பட்டை மறைவதை அணைத்தேன். திறந்த நேரப்படி இடமிருந்து வலம் என்று மாற்றி, டாஸ்க்பாரை மட்டும் மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஒரு வினாடி ஒன்றுமே இல்லை. பிறகு இருபத்திரண்டு பட்டன்களும் நெருக்கியடித்துக்கொண்டு வந்து நின்றன.

"ஆங், வந்துட்டாங்க எல்லாரும்" என்றார் மும்தாஜ் அக்கா. இடது ஓரத்தில் க்ளிக் செய்து மயிலாப்பூர் மாமாவின் பேரைக் கூப்பிட்டார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஜெயித்தவர் மாதிரி உள்ளே போனார்.

3. சைன்-ஆஃப்

சிதம்பரம் என் சைன்-ஆஃப் தாளை வாங்கிப் படித்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நான் போட மாட்டேன். நாற்காலியில உக்கார்றவங்க போடட்டும்" என்று மாடியேறிவிட்டார்.

தாளை கவுன்டரில் நீட்டினேன். மும்தாஜ் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பட்டை ஓடக்கூடாது. ஆளுங்க எடம் மாறக்கூடாது. சரியா?"

"சரிக்கா."

"காலைல எதுனா சாப்ட்டியா?"

"இல்லக்கா, டென்ஷன்ல வந்துட்டேன்."

"வெறும் வயிறுதானே? சுகர் பாத்துக்கோ. உன் முறை வர்றப்போ கையெழுத்து போடறேன், போய் உக்காரு." பேரை அடித்தார். வலது கோடியில் ஒரு பட்டன் முளைத்தது. 'சும' வரை தெரிந்தது, மிச்சத்துக்கு இடமில்லை.

"அக்கா, கையெழுத்து மட்டும் முதல்ல..."

"எல்லாரும் பசியோடத்தான் கீறாங்க."

போய் ஆட்டோக்காரர் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கவுன்டர் திரை அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. இடது ஓரத்தில் ஒரு பட்டன் மறைய, என்னுடையது ஒரு இடம் நகர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்த டாஸ்க்பாரை அதற்கு முன் அவ்வளவு கவனமாக நான் பார்த்ததே இல்லை.

பாஸ்கர் சார் மறுபடி கூப்பிட்டார். "சைன்-ஆஃப் வாங்கிட்டியா?"

"க்யூல இருக்கேன் சார்."

"என்ன க்யூ?"

"நம்ம டாஸ்க்பார்தான் சார். எனக்கு முன்னால ஒம்பது பேர் இருக்காங்க."