ஆத்தா உட்கார்ந்து பார்த்த காபிப் பரீட்சை

சத்தியவேட்டில் ஹரிபாபு வீட்டை விட்டு வெங்காயம் வெளியேறிய கதை தெருவுக்கே தெரியும். காரணம் பக்தியும் இல்லை, விலைவாசியும் இல்லை. அவன் பெண்டாட்டி சந்தியாவின் நாக்கு.

சந்தியா காபித்தூள் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். வெந்நீரில் போட்டால் கரைகிற தூளைப் பாட்டிலில் அடைத்துக் கப்பலேற்றுகிற கம்பெனி அது. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று வேலை அவளை உருட்டிக்கொண்டே இருந்தது. மகள் கன்னிகா யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அம்மா படம் வரையச் சொன்னபோது, குழந்தை ஒரு போர்வையை வரைந்து அதற்கு இரண்டு கால் போட்டுக் கொடுத்தது. பகலில் தூங்குகிற அம்மாவை அது வேறெப்படிப் பார்த்திருக்கும்? அந்த டீச்சரம்மா அதற்கு ஸ்டார் வேறு போட்டுவிட்டாள்! சந்தியா படத்தைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியில் காபி ருசி பார்க்க ஆள் எடுத்தார்கள். ருசி பார்க்கிறவர்களுக்கு எப்போதும் பகல் வேலைதான், ராத்திரி என்ற பேச்சே கிடையாது. விடுவாளா? குழந்தைக்காக என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தாள். கரண்டியில் காபியை மொண்டு, 'சுர்ர்ர்' என்று அடுத்த கட்டிடத்துக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, வாளியில் துப்ப வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண் செய்கிற காரியமா இது! ஆனால் அதற்குத்தான் சம்பளம்.

நாக்கு சுத்தமாக இருக்க வேண்டுமே. வெங்காயம், பூண்டு, மசாலா, கருவாடு, தாளிப்பு, தலைக்குப் பூ, முகத்துக்குப் பவுடர், வாசனை சோப்பு, எதுவும் ஆகாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஹரிபாபு கள்ளக் காதலி வீட்டுக்குப் போகிறவன் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே சிநேகிதன் பாலையா வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வந்தான்.

சண்டைக்கு நின்றது அவன் அக்கா செங்கம்மாதான். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். ஷிப்ட் நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான்.

"கம்பெனிக்காரன் இன்னா சாமியா? அவன் சொன்னா நான் வெறும் சோத்தத் துன்னணுமா?" என்று ஒரு மாதம் கத்தினாள். கத்தி முடிந்ததும் ஒரு பெரிய டம்ளர் காபி குடிப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று அவளைக் கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

கடைசிப் பரீட்சை வெள்ளிக்கிழமை. பெங்களூரிலிருந்து மோனிகா என்கிற பரீட்சை அதிகாரி வருகிறாள். தேறினால் நிரந்தரமாகப் பகல் வேலை, தவறினால் பழையபடி பேக்கிங். சந்தியா வீட்டிலும் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிப் பழகினாள். செவ்வாய்க்கிழமை கன்னிகாவின் கழுத்தில் ஒரு கொப்புளம் தெரிந்தது. மறுநாள் முகம், முதுகு, வயிறு என்று எங்கும் முத்து முத்தாய் இறங்கிவிட்டது.

"ஆத்தா வந்துகிறா!" என்று செங்கம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். டாக்டர் கொடுத்த மருந்து ஒரு பக்கம், மஞ்சளும் வேப்பிலையும் ஒரு பக்கம். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சட்டம் சொன்னாள்.

"வூட்ல இனிமே வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, மசாலா கூடாது, கருவாடு கூடாது, தாளிக்கக் கூடாது, பூ, பவுடரு, வாசன சோப்பு ஒண்ணும் கூடாது."

சந்தியா அவளையே பார்த்தாள். கம்பெனி சொன்னதையே இவள் வரிசை மாறாமல் சொல்கிறாளே!

"இன்னாடி பாக்குற? வறுத்த பொருளும் வாசப்படி தாண்டக் கூடாது. காபிய வறுக்கிற எடத்துக்கு நீ போய்ட்டு வந்தா ஆத்தாவுக்கு ஆவாது. நீ எங்கியும் போவாத."

சும்மா சொல்லக் கூடாது, சட்டம் தனக்கும்தான் என்று செங்கம்மா தன் காபியையும் அன்றே நிறுத்தினாள். சாயந்திரத்துக்குள் மண்டையில் துண்டைக் கட்டிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள்.

சந்தியா அழாத குறையாக ஆபீசர் வரதராஜனுக்குப் போன் போட்டாள். அவர் திருப்பதிக்காரர்.

"அம்மவாரா? அய்யோ தேவுடா!" என்று அலறினார். "ஃபேக்டரிக்குள்ள நீ கால் வைக்கக் கூடாதும்மா, ரூல் இருக்கு. எக்ஸாமினர் மறுபடி எப்ப வருவாங்கன்னும் தெரியாதே." பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "சரி, ஒண்ணு பண்றோம். எக்ஸாம அங்க கொண்டாந்துடறோம்."

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி கார் வந்து நின்றது. வரதராஜன் இறங்கவே இல்லை. கண்ணாடியை நாலு விரல் இறக்கி, வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி. மோனிகா மட்டும் கெட்டில், கோப்பைகள், துப்புகிற வாளியோடு இறங்கினாள். தனக்கு அம்மை சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது என்று நெற்றித் தழும்பைக் காட்டினாள். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவும் தயார் என்றாள்.

செங்கம்மா மண்டைக்கட்டோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ வரலாம். அந்தத் தூளு வரக் கூடாது."

"தூள் வராம எப்படிங்க பரீட்சை?"

"அது ஒன் பாடு. எனக்குக் கொழந்த முக்கியம்."

ஹரிபாபு நடுவில் புகுந்து அக்காவிடம் ஒரு திட்டும் பெண்டாட்டியிடம் ஒரு முறைப்பும் வாங்கிக்கொண்டு விலகினான். சந்தியா நாத்தனாரின் கையைப் பிடித்தாள், கெஞ்சினாள். செங்கம்மா மசியவில்லை. மோனிகா கடிகாரத்தைப் பார்த்தாள். கெட்டிலையும் கோப்பைகளையும் மறுபடி காரில் ஏற்றத் திரும்பினாள்.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மா 'சுர்ர்'னு உறியும்ல? நான் பாக்கணும்."

அம்மை வார்த்த குழந்தை குழந்தை இல்லை, ஆத்தா. அது எதைக் கேட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும், மறுத்துப் பேசக் கூடாது. இதுவும் செங்கம்மாவின் சட்டம்தான். பாவம், அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு வழிவிட்டாள்.

ஆத்தா வேப்பிலைப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். எதிரே பாயில் கோப்பைகளை மூன்று மூன்றாக அடுக்கினார்கள். மூன்றில் எது வேறு தூள் என்று சொல்ல வேண்டும். சந்தியா உறிஞ்சினாள், சுழற்றினாள், துப்பினாள். ஒவ்வொரு துப்புக்கும் ஆத்தா கை தட்டினாள். செங்கம்மா ஒவ்வொரு தட்டுக்கும் கும்பிட்டாள்.

"அந்த அக்காவும் உறியணும்" என்றாள் ஆத்தா. மோனிகா உறிஞ்சினாள். "கார்ல கீற மாமாவும்." ஹரிபாபு ஓடிப் போய்ச் சொன்னான். எந்த சாமியிடமும் வம்பு வைத்துக்கொள்ளாத வரதராஜன், பாட்டில் தண்ணீரை மூடியில் ஊற்றித் தெருவே திரும்பிப் பார்க்க உறிஞ்சினார்.

"அத்தயும்."

"தாயே, நானா?" என்றாள் செங்கம்மா.

"நீதான்."

செங்கம்மா கரண்டியை வாங்கி உறிஞ்சினாள். துப்ப மறந்துவிட்டாள். வேண்டுமென்றேதான் மறந்தாளோ என்னவோ! முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஆத்தா உத்தரவு" என்று சொல்லிக் கரண்டியை வைத்துவிட்டு ஒரு கோப்பையையே எடுத்துக் குடித்து முடித்தாள். நல்ல வேளை, மோனிகா அதற்கு முன்பே எல்லாவற்றையும் குறித்துவிட்டிருந்தாள்.

சந்தியா தேறிவிட்டாள். மோனிகா கை கொடுத்தாள்.

கொப்புளங்கள் காய்ந்து உதிர ஆரம்பித்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் குறித்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட அண்டாவை வெயிலில் வைத்தார்கள். கன்னிகா கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள்.

"ஏன் தாயே?" என்று செங்கம்மா கேட்டாள்.

"தண்ணி ஊத்தினா ஆத்தா போய்டும். ஆத்தா போய்ட்டா அம்மா கம்பெனிக்குப் போய்டும்."

சந்தியா குழந்தையின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இனிமே ராத்திரி வேலயே கெடையாது. ராத்திரி உன் பக்கத்துலயே படுத்துக்குவேன்."

"பகல்ல?"

குழந்தையிடம் பொய் சொல்லலாம், எந்த வீட்டில் சொல்லவில்லை? ஆனால் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. எதிரே இருப்பது ஆத்தா. ஆத்தாவிடம் எப்படிப் பொய் சொல்வது?

"பகல்ல போவேன்" என்றாள் சந்தியா. "உனக்காகத்தான் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன். அது பாதிதான் தாயே. எனக்கு அந்த வேல புடிச்சிருக்குது. ரொம்பப் புடிச்சிருக்குது."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். இதை அவள் ஹரிபாபுவிடம்கூடச் சொன்னதில்லை. செங்கம்மா சொம்பும் கையுமாக அப்படியே நின்றாள்.

கன்னிகா அம்மாவின் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கட்டில் காலை விட்டாள்.

"சரி, ஊத்து."

செங்கம்மா ஊற்றவில்லை. சொம்பைச் சந்தியாவின் கையில் கொடுத்தாள்.