அப்பா செய்த கேஜ்

இரும்பை அராவும்போது ஒரு வாசனை வரும்; பழைய காசை வாயில் வைத்தாற்போல நாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கும் இடத்தில், ஒரு மாதம் முழுக்க ஞாயிறுதோறும் அந்த வாசனைதான். "பெசி பூரோக்" கடையில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்த ஒரு கம்பியைப் பொறுக்கி வந்து, அப்பா 'கேஜ்' செய்துகொண்டிருந்தார். கம்பியின் நுனியில் ஓர் ஊசி, கம்பி மேல் நகரும் ஒரு வட்டத் துண்டு, அதை இறுக்க ஒரு திருகு, அவ்வளவுதான். வட்டத்தைப் பலகை விளிம்பில் அணைத்து இழுத்தால், வைத்த அளவில் ஊசி நேராகக் கோடு கீறிக்கொண்டே போகும்.

எல்லாம் என் தம்பிக்காக. அவனுக்கு வலது கால் சற்றுக் குட்டை. ஒன்றாம் வகுப்பில் சேரும்போது பிள்ளை நொண்டக் கூடாது, சப்பாத்துக்கு அடியில் மரக்கட்டை சரியான கனத்தில் இருக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே தவிப்பு. அவனை நிற்க வைத்து, இடுப்பு சமமாகும்வரை காலடியில் அட்டைகளை அடுக்கி, அந்த உயரத்துக்கே கேஜை வைத்துத் திருகினார். "நம்பர்லாம் வேணாம் லா, இதுக்கே தெரியும்" என்றார்.

எனக்குப் பத்து வயது. அந்த வீட்டில் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவில்லை என்று வயிறு எரிந்தது. அப்பா குளிக்கப் போன நேரத்தில் திருகைத் தளர்த்தி, வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி இறுக்கிவிட்டேன். கொஞ்சம்தான்.

அந்தக் கோட்டின்படியே அப்பா கட்டையை அறுத்தார். போட்டுப் பார்த்த தம்பி, புதுச் சப்பாத்துச் சந்தோஷத்தில், "கரெக்டா இருக்குப்பா!" என்று குதித்தான். பள்ளியின் முதல் நாளே படிக்கட்டில் விழுந்து வாயெல்லாம் ரத்தமாக வந்தான். அப்பா கட்டையைக் கழற்றி அட்டைகளோடு வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவிடம், "என் கைதான் தப்பு பண்ணிருச்சு" என்றார். யார் மேலும் சந்தேகப்படவில்லை. அதன்பின் அவர் மரத்தைத் தொடவே இல்லை. கேஜும் பழைய இரும்போடு போய்விட்டது.

போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். வாசலில் இப்போது பளபளவென்று ஓடு பதித்திருக்கிறார்கள். கருமாதியன்று, செராஸிலிருந்து வந்திருந்த தம்பி, அப்பாவின் நண்பர் ஒருவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "அப்பா கைவேலை அவ்ளோ சுத்தம் அங்கிள். என் விஷயத்துல ஒரே ஒரு தடவதான் தப்பு பண்ணிருச்சு."

காப்பித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். இப்போதாவது சொல்லடி பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

"சீனி போதுமா அங்கிள்?" என்றுதான் கேட்டேன்.