வெர்னாவின் பெயருக்கு மாறிய படகு

வெர்னா லாட்டி, மாவட்டம் போன்ற கவுண்டியின் அலுவலகத்தில், மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருந்தாள். மீன்பிடி லைசென்ஸ், படகுப் பதிவு, பனிவண்டிப் பதிவு எல்லாவற்றுக்கும் அந்த ஜன்னல்தான். மினசோட்டாவின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அவளிடம் தன் எடையைச் சொல்லாத ஆம்பளை அநேகமாகக் கிடையாது. லைசென்ஸுக்கு உயரம், எடை, கண்ணின் நிறம் மூன்றையும் கேட்டாக வேண்டும். எல்லோரும் எடையைக் குறைத்துத்தான் சொல்வார்கள். அவளும் ஒன்றும் கேட்காமல் அப்படியே அடித்துக் கொடுப்பாள்.

அவளுக்கு மீன்பிடிப்பில் நாட்டமில்லை. ஏரிப் பைத்தியம் எல்லாம் புருஷன் ஓரினுக்குத்தான். பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கிறவன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே மனசு தண்ணீருக்குப் போய்விடும். இருந்தாலும் ஒவ்வொரு மார்ச்சிலும் வெர்னா கணவன் மனைவிக்குச் சேர்த்துத் தரும் கூட்டு லைசென்ஸைத்தான் எடுப்பாள்.

"ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிற. உன் பங்கு மட்டும் வருஷா வருஷம் தண்ணியைப் பாக்காமலே காலாவதி ஆயிடுது" என்று ஓரின் சீண்டுவான். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

மே மாதம், வால்ஐ மீன் பிடிக்கும் பருவம் திறந்த சனிக்கிழமை அது. ஏரியில் பனிக்கட்டி உருகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஓரினும் அவனுடைய நாற்பது வருடச் சிநேகிதன் வெண்டெல் ஸ்கோக்கும் பதினாறடி அலுமினியப் படகில் விடிந்ததும் போனார்கள். பத்து மணிக்குக் காற்று கிளம்பிவிட்டது. நங்கூரக் கயிறு படகின் பின்பக்கம், மோட்டாருக்கு அருகில் கட்டப்பட்டிருந்தது. முன்பக்கம் கட்டியிருந்தால் படகு அலைக்கு முகம் கொடுத்து ஏறி இறங்கியிருக்கும். மோட்டார் கனத்தில் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருந்ததால் இரண்டு மூன்று அலையிலேயே தண்ணீர் நிறைந்து படகு புரண்டது. வெண்டெல் குளிர் தாங்காமல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டியிருந்தான். ஓரின் தன்னுடையதை மடித்து, மெத்தைபோலப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். வெண்டெலை வேறு படகுக்காரர்கள் இழுத்துத் தூக்கினார்கள். ஓரினை மத்தியானம்தான் எடுத்தார்கள். அந்தக் குளிரில் சில நிமிடம்கூடத் தாங்கியிருக்க மாட்டான் என்றார்கள்.

விசாரித்த அதிகாரியின் அறிக்கை அடுத்த வாரம் வந்தது. படகுப் பதிவு செல்லும். லைசென்ஸ் செல்லும். ஆளுக்கொரு ஜாக்கெட் படகில் இருந்தது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. பெரியவர்கள் அதை மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெர்னா சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வரும் எந்தத் தாளையும் படிப்பதுபோல அதைப் படித்தாள். பதிவெண்ணில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. பேனாவை எடுத்துத் திருத்திவிட்டு மடித்து வைத்தாள்.

அழுகை வரவில்லை. அக்கம்பக்கத்தார் அடுப்பில் வேகவைத்த கறியும் உருளைக்கிழங்குமாகப் பாத்திரம் பாத்திரமாய்க் கொண்டுவந்தார்கள். அவள் சாப்பிட்டாள், பாத்திரங்களைக் கழுவி, யாருடையது எது என்று பெயர் ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். பதினோராம் நாள் வேலைக்குப் போனாள். கூட வேலை செய்யும் ஜனெல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அவளைச் சமாதானப்படுத்தியது வெர்னாதான்.

நவம்பரில் படகுப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி ஓரின் பெயருக்குக் கடிதம் வந்தது. படகு கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. பெயர் மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை; எத்தனையோ விதவைகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். நான் பண்ணித் தர்றேன் என்று ஜனெல் கெஞ்சியும் கேட்காமல், இறப்புச் சான்றிதழை வைத்துத் தானே தட்டினாள். காரணம் என்ற கட்டத்தில் 'உரிமையாளர் மரணம்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். படகில் ஒட்டும் பதிவு ஸ்டிக்கர் இரண்டும் வந்தன. கைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்து நின்றவரைக் கூப்பிட்டாள்.

வெண்டெல் அந்த ஒரு வருடமாக அவள் கண்ணில் படவே இல்லை. கடைத்தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான் என்று ஜனெல் சொன்னாள். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், ஜன்னல் மூடக் கால் மணி இருக்கும்போது தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். லைசென்ஸ் என்றான். எடை என்று அவள் கேட்டாள். நூற்று அறுபது பவுண்டு என்றான். முந்தைய வருடம் இருநூறு இருந்தவன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை ஒருவன் உண்மையான எடையைச் சொல்லியிருந்தான்.

"வெர்னா, அந்தக் கயித்தைப் பின்னாடி கட்டச் சொன்னது நான்தான்" என்றான். "படகோட மூக்கு காத்துல சுத்திக்கிட்டே இருக்குன்னு நான்தான் சொன்னேன். இதை யார்கிட்டயும் சொல்லல."

அச்சு இயந்திரம் லைசென்ஸைத் துப்பியது. வெர்னா அதைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வேறெதுவும்கூட வரவில்லை.

"நீ சொல்லாட்டியும் அங்கதான் கட்டியிருப்பான்" என்றாள். "பின்னாடி கட்டாதேன்னு முப்பது வருஷமா சொல்லியிருக்கேன். கையெழுத்துப் போடு."

அவன் போட்டான். பேர் கோட்டைத் தாண்டிப் போனது. போகத் திரும்பியவனை அவள் நிறுத்தினாள். "படகு இப்ப என் பேர்ல இருக்கு. அதைத் தண்ணியில எறக்க எனக்குத் தெரியாது. பருவம் திறக்கிற சனிக்கிழமை வா."

அவன் போனதும் தனக்கும் ஒரு லைசென்ஸ் எடுத்தாள். கூட்டு என்ற கட்டத்தை விட்டுவிட்டுத் தனி நபர் என்பதை அழுத்தினாள்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் கரையிலேயே ஜாக்கெட்டை மாட்டிப் பட்டைகளை இறுக்கிக்கொண்டார்கள். நங்கூரத்தை வெண்டெல் முன்பக்கம் கட்டினான்; கட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். மூன்று மணி நேரம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெர்னாவின் தூண்டிலில் ஒரு மீன் விழுந்தது. அதை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க, வெண்டெல் கொக்கியை எடுத்துவிட்டு, வெச்சுக்கிறியா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். தண்ணீரில் விட்டான். ஓரின் மூழ்கிய இடம் எது என்று அவள் கேட்கவில்லை. அவனும் காட்டவில்லை. ஆனால் திரும்பும்போது வடக்குக் கரையை விட்டு வெகுதூரம் சுற்றிப் போனான். அவளுக்குப் புரிந்தது.

அந்தக் கோடையில் இன்னும் நாலு தடவை போனார்கள். மூன்றாவது தடவை வெண்டெலின் மனைவி ஆர்லீஸும் வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்து மீன்களையெல்லாம் விரட்டிவிட்டாள் என்று வெண்டெல் குறைபட்டுக்கொண்டான். அவன் மறுபடி கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

செப்டம்பரில் வெர்னா படகை நகரத்திலிருந்து வந்த ஓர் இளம் தம்பதிக்கு விற்றாள். பெயர் மாற்றத்துக்கு அவர்கள் அதே ஜன்னலுக்குத்தான் வந்தார்கள். தாளில் விற்பவர் கையெழுத்தையும் போட்டு, அலுவலர் கையெழுத்தையும் போட்டாள். பிறகு அந்தப் பெண்ணிடம் நங்கூரத்தை எங்கே கட்ட வேண்டும் என்று சொன்னாள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கேட்டுக்கொண்டார்களா என்று அவளுக்குத் தெரியாது. மணி நாலரை ஆகியிருந்தது. திரையை இறக்கினாள்.