நவமணி சின்னம்மா வாங்கிய கூலி

நவமணி என் அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா. சுளுக்கு எடுப்பாள், நழுவிய மூட்டுகளை ஏற்றிவிடுவாள், பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு நீவிவிடுவாள். ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவர்களுக்கு மணிக்கட்டும் தோளும்தான் முதலில் போகும். அதனால் கரங்கான் பக்கத்துத் தோட்டங்களில் அவளுக்கு ஆள் குறைந்ததே இல்லை. கூலிதான் ஏறும், இறங்கும்.

கரங்கான் கடைத்தெருவில் அபூபக்கர் அண்ணனின் மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அங்கேயே குடியிருந்து வைத்தியமும் பார்த்தாள். கொரியாவில் சண்டை நடந்தபோது ரப்பர் விலை ஏறியது. சனங்கள் வெள்ளிப் பணமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"விலை ஏறுற நேரத்துல நீயும் ஏத்தும்மா. நான் பருப்புக்கு ஏத்தலயா?" என்றார் அபூபக்கர் அண்ணன்.

"உங்க பருப்பு வலிக்குதுன்னு அழுவுதாண்ணே?" என்றாள் சின்னம்மா.

அவள் ஏற்றவில்லை. கையில் மிஞ்சியதை வாடகைக்கு முன்பணமாகக் கொடுத்து வைத்தாள். அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அடுத்த வருடமே அவள் புருசன் ராமையா சித்தப்பா போன ரப்பர் பால் லாரி கவிழ்ந்தது. சித்தப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே செத்துவிட்டது. அதன்பிறகு அவர் அந்த அறையை விட்டு வெளியே வந்ததில்லை. ஆட்கள் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் சம்பளத்தைக் குறைத்தார்கள். காசுக்குப் பதில் அரிசி, முட்டை, கருவாடு என்று கொடுத்தார்கள். சின்னம்மா அதையும் வாங்கிக்கொண்டாள். ஆனால் அது காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம். நான் வாழ்க்கைப்பட்டிருந்த ஏழாங்கட்டைத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, அரிசியோ சோறோ ஒரு பருக்கைகூட கேட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு.

அப்போதுதான் சின்னம்மாவுக்குத் திண்டாட்டமாயிற்று. கிடைக்கிற கொஞ்சக் காசு வாடகைக்கே சரி. வைத்தியம் பார்த்த வீட்டில் அவளுக்குச் சோறு போடுவார்கள், அதைக் கட்டிக்கொண்டு போக முடியாது. சித்தப்பாவுக்குக் கரங்கானில் அவித்த மரவள்ளிக்கிழங்குதான். அறையை விட்டுவிட்டு மறுபடி மரம் சீவப் போகலாம். ஆனால் விடியுமுன் போனால் சித்தப்பாவின் கால்களை யார் நீவிவிடுவது? காலையும் மாலையும் நீவாவிட்டால் சதை வற்றிப் புண் வந்துவிடும்.

ஒருநாள் மனசு கேட்காமல், வாழையிலையில் மடித்த சோற்றை இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியே போகக் கேட்டுக்கு வந்தாள். பெண்களைத் தடவிப் பார்க்க அங்கே சைதூன் என்று ஒருத்தியை வைத்திருந்தார்கள், கரங்கான்காரி. அவள் கை பொட்டலத்தில் பட்டதும் நின்றது. போலீஸ்காரர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பொட்டலத்தை உருவிச் சாக்கடையில் கொட்டினாள்.

"இருந்தாத்தான்க்கா கேஸு. இன்னொரு வாட்டி கொண்டாராத, என்னால முடியாது."

சின்னம்மா சாக்கடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்: "சோறு வெளிய போவக் கூடாது. சரி. மனுசன் உள்ள வரலாமா?"

"படம் போட்ட ஐசி கார்டு இருந்தா வரலாம். ஆறு மணிக்குள்ள வெளிய போயிடணும்."

அன்று காலையில்தான் என் வீட்டுக்காரரின் அண்ணன் அம்மாசி பால்வாளியோடு வழுக்கி விழுந்து தோள் நழுவிக் கிடந்தார். சின்னம்மா இழுத்துப் பார்த்திருந்தாள், ஏறவில்லை. அறைக்குப் போனதும் சித்தப்பாவிடம், நாளைக்கு நீங்களும் வாங்க என்றாள்.

"வீட்டுக்கு வீடு போயி சோறு வாங்கித் திங்கவா? நான் வரல."

"சோத்துக்கு யாரு கூப்பிட்டா? அம்மாசிக்குத் தோள் எறங்கிக் கெடக்கு. நான் கைய இழுக்கறப்ப எதிர்ப்பக்கம் ஒடம்பைப் பிடிக்க ஆள் வேணும். இன்னிக்குப் பிடிச்சவன் அவரு கத்தினதுக்கே விட்டுட்டு ஓடிட்டான். உங்களுக்குக் காலுதான் போச்சு. கைய யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா?"

மறுநாள் சித்தப்பா காலையில் சவரம் செய்துகொண்டார்.

தோட்டத்துக்கு விறகு ஏற்றி வரும் அய்யாவுவின் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டு வாசல் கம்பத்தில் சாய்த்து உட்காரவைத்து, சித்தப்பாவின் இடுப்பை ஒரு பழைய வேட்டியால் கம்பத்தோடு கட்டினாள் சின்னம்மா. முன்னால் அம்மாசியைப் படுக்கவைத்து, அவர் மார்பைச் சுற்றி இன்னொரு துணியைப் போட்டு அதன் இரண்டு முனையையும் சித்தப்பா கையில் கொடுத்தாள்.

அம்மாசி வலியிலும் சும்மா இருக்கவில்லை. "என்னையக் கட்டுவீங்கன்னு பாத்தா உங்களக் கட்டிப் போட்டிருக்காங்களே மாமா."

"நான் எந்திரிச்சு ஓடிருவேன்னு உங்க அத்தைக்குப் பயம்."

சின்னம்மா சட்டென்று குனிந்து எண்ணெயைத் தேடினாள். பக்கத்திலேயே இருந்த எண்ணெயை அவ்வளவு நேரம் தேடினாள்.

பிறகு அவள் கையைப் பிடித்து மெதுவாக இழுக்க, சித்தப்பா எதிர்ப்பக்கம் இழுத்தார். அம்மாசி அலறினார். சித்தப்பா விடவில்லை. "ஆச்சுப்பா, ஆச்சு, எம் மொகத்தப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூட்டு களுக்கென்று உட்கார்ந்தது. அம்மாசி கண்ணீரோடு சிரித்தார்.

நான் இருவருக்கும் இலை போட்டேன். சோறும் கருவாட்டுக் குழம்பும்தான். பிடித்த கைக்குக் கூலி என்பதால் சித்தப்பா கூச்சப்படவில்லை. "இன்னுங் கொஞ்சம் போடு தாயி" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சின்னம்மா தன் இலையில் கை வைத்தபடி அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கேட்டில் ஒரு போலீஸ்காரர் வண்டியில் ஏறிச் சித்தப்பாவைச் சோதித்தார்.

"சோறு இருக்கா?"

"இருக்கு," என்று சித்தப்பா வயிற்றைத் தட்டிக் காட்டினார். சைதூன் சிரிப்பை மறைக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு வாரத்தில் நாலு நாள் அய்யாவுவின் வண்டியில் இருவருமாக வந்தார்கள். வயிற்றுப்பாடு தோட்டத்தில் முடிந்ததால், வந்த சில்லறை வாடகைக்குக் குறையாமல் நின்றது. சின்னம்மா மரம் சீவப் போகவில்லை. வேலியைப் பிரித்தெடுத்த பிறகும் அபூபக்கர் அண்ணன் கடைக்குப் பின்னால் அந்த அறை அவள் கையில்தான் இருந்தது. என்ன, மூட்டு நழுவி வருகிறவர்கள் வாசலில் நின்று, "ராமையாண்ணன் இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.