சித்தப்பா வேண்டாமென்ற வரிச் சலுகை

போன வாரம் ராகலையில் சித்தப்பாவோடு எனக்குச் சண்டை. காரணம்? வரி!

எழுபது வயதைத் தாண்டிய வீட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சோலை வரியில், அதாவது வீட்டு வரியில், பாதியைத் தள்ளுபடி செய்கிறது அங்குள்ள பிரதேச சபை. நல்ல செய்தியாயிற்றே என்று ஓடிப்போய்ச் சொன்னேன். தேயிலைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்து, ஓய்வில் கிடைத்த சேமலாப நிதிக் காசைக் கொட்டி, டவுனுக்கு மேலே இரண்டு அறை வீடு கட்டியவர் சித்தப்பா. எங்கள் குடும்பத்தின் முதல் சொந்த வீடு.

"அதெல்லாம் வேணாம்பா. நான் முழுசாவே கட்டிர்றேன்" என்றார்.

வரியைக் குறைக்கிறோம் என்றால் வேண்டாமென்கிற மனிதரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னா சித்தப்பா, காசு கூடிப்போச்சா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"தோட்டத்து லயத்துல ஒத்த ரூமு காம்பராவ சும்மாத்தான் குடுத்தாங்க. வாடக கேட்டாங்களா? வரி கேட்டாங்களா? சர்வீஸ் முடிஞ்சதும் தோட்டத்துத் தொர காம்பராவ திருப்பிக் கேட்டாரு. இன்னைக்கு சலுகைன்னு குடுக்கிறவங்க, நாளைக்கு வீட்ட கேக்க மாட்டாங்களா தம்பி?"

அந்தப் பயம் எனக்கும் தெரியும். நானும் அதே லயத்தில் பிறந்தவன்தானே...

மறுநாள் சபைக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் ஒரு சிங்களப் பெண். சித்தப்பாவே சிங்களத்தில் நேராகக் கேட்டார் — சலுகை வாங்கினால் வீடு யார் பெயரில் இருக்கும்?

அந்தப் பெண் சிரிக்கவில்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். உங்கள் பெயரில்தான் இருக்கும், சொந்தக்காரருக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, வாடகைக்கு இருப்பவர் கேட்டாலும் கிடைக்காது என்றார்.

சித்தப்பா இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அந்தப் பெண்ணும் சொன்னார், சத்தமாக. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அதற்காகத்தான் மறுபடி சொல்லச் சொன்னாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

கையெழுத்துப் போட்டார். அத்தோடு கிளம்பினாரா? மீதிப் பாதியைக் கட்ட வேண்டுமே! காசை எடுத்து நீட்டும்போது பின்னால் ஒருவர், "வரி கட்டியே சாகணும் போல" என்று முணுமுணுத்தார்.

சித்தப்பா திரும்பினார்.

"நாலு தலமொறையா எங்களுக்கு இத கட்டக் குடுத்து வைக்கலீங்க. நான்தான் மொத ஆளு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹட்டனில் வாடகை வீட்டில் இருக்கிறேன் நான் — சத்தியமாகச் சொல்கிறேன், வரி கட்ட ஆசையாக இருக்கிறது!