ஆட்டுக்கும் கோழிக்கும் நடுவே ஒரு ரெக்கார்டு நோட்டு

அந்தப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. கல்லூரியில் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதை வைத்துக் கூப்பிட்டதில்லை. மற்ற எல்லாருக்கும் அவள் அரைமணி.

எதைக் கேட்டாலும் "அரை மணி நேரத்துல வந்துடுறேன்" என்பாள். வரவும் செய்வாள், அதைச் சொல்லியாக வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை. ஒன்பதரைக்கு வகுப்பு. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கேன்டீனில், சாப்பிட்ட தட்டுகளை வாங்கிக் கழுவும் ஜன்னல். இரண்டு மணிக்கு வேதியியல் ஆய்வகம். மாலையில் விடுதியில் கேரம். அதில் மட்டும் அவளுக்கு அரை மணிக் கணக்கு கிடையாது, உட்கார்ந்தால் காய் தீரும்வரை எழுந்திருக்க மாட்டாள். கேன்டீனிலிருந்து ஆய்வகத்துக்கு நடக்கிற ஏழு நிமிஷம் அம்மாவுடைய போனுக்கு.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அம்மா வீட்டிலேயே தைப்பவர். கத்தரித்து விழுந்த துண்டுத்துணியைக்கூடத் தலையணைக்குள் திணித்துவிடுகிற வீடு அது. எதையும் வீணாக்கக் கூடாது என்பது பிள்ளைக்குப் பாலோடு ஊட்டியது. அந்தக் குணம்தான் கடைசி செமஸ்டரில் அவளைக் கிணற்றில் தள்ளப் பார்த்தது.

நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டுவதற்கு எண் அச்சடித்த லேபிள்கள் வரும், பட்டையாக. ஒருநாள் நான்கு லேபிள் உள்ள பட்டை ஒன்று கோணலாக அச்சாகிவிட்டது. வேறு அச்சடித்துக்கொண்டார்கள். கோணல் பட்டை குப்பைக்குப் போகவேண்டியது. அரைமணிக்கு மனசு வரவில்லை. நல்ல பசை, நல்ல தாள்! அறைக்குக் கொண்டுபோய்த் தன் பக்கெட்டில் ஒன்று, டிபன் டப்பாவில் ஒன்று, குடைக்காம்பில் ஒன்று, ரெக்கார்டு நோட்டின் முதுகில் ஒன்று என்று ஒட்டி, மேலே கண்ணாடி டேப்பும் போட்டாள்.

"இனிமே என் சாமான யாரும் மாத்தி எடுக்க மாட்டாங்க" என்றாள்.

அறைத் தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "பக்கெட்டுக்கு நம்பர் போட்ட முதல் ஆளு நீதான்டி." இந்தத் தோழிக்குப் பேர் அலாரம். அவளுடைய கடிகாரம் அடித்தால் அந்த மாடியே எழுந்துகொள்ளும், அவள் மட்டும் எழுந்துகொள்ள மாட்டாள்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வேதியியல் ரெக்கார்டு நோட்டை, எல்லாச் சோதனைக்கும் கையெழுத்து வாங்கி, அன்று மாலை நான்கு மணிக்குள் ஆய்வக உதவியாளரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான். கையெழுத்தெல்லாம் அரைமணி செவ்வாய்க்கிழமையே வாங்கியிருந்தாள். ஆனால் உதவியாளர் வெள்ளிக்கிழமை இரண்டிலிருந்து நான்கு வரைதான் வாங்குவார். ஒரு நாள் முன்னால் நீட்டினால், நோட்டைத் தொடாமல் தள்ளி நின்று பேசுவார்.

பதினொன்றரைக்கு வகுப்பு முடிந்து பையைத் திறந்தாள். நோட்டு இல்லை.

அறைக்கு ஓடினாள். மெத்தையைப் புரட்டினாள், அலமாரியைக் கவிழ்த்தாள். அலாரத்தின் போர்வைக்குள்ளும் தேடியாயிற்று. அலாரம் அதற்குள்தான் இருந்தாள்.

"கடைசியா எப்போ பாத்த?"

"புதன்கிழமை காலையில. நீ டீயக் கொட்டிடுவேன்னு பயந்து லைப்ரரிக்கே கையில எடுத்துட்டுப் போனேன். தள்ளுவண்டியோட கீழ்த்தட்டுல வெச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம்..." அரைமணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ. அடுக்கிட்டேன்டி."

"எத?"

"என் நோட்ட. நானே அலமாரியில அடுக்கிட்டேன்."

புத்தகம் அடுக்குகிறவர்கள் அட்டையைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்ப்பார்கள். எண் தெரிந்தால் கை தானாக எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். தலை அப்போது தேர்வைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு அந்தக் கல்லூரி ரெக்கார்டு நோட்டுக்கும் நூலகத்துப் பழைய புத்தகத்துக்கும் அட்டை போடுகிறவர் ஒரே பைண்டர். ஒரே பழுப்பு நிறம், ஒரே காலிகோ துணி.

"சரி, என்ன நம்பர் ஒட்டின? அங்க போய் எடுத்துக்க."

"ஞாபகம் இருந்தா இப்படி உக்காந்திருப்பேனா? முப்பதாயிரம் புத்தகம் இருக்கு, மூணு மாடி."

அலாரம் சோம்பேறிதான், ஆனால் மண்டை காலியில்லை. "ஒரே பட்டைதானே எல்லாம்? பக்கத்து பக்கத்து நம்பராத்தானே இருக்கும்? பக்கெட்டப் பாரு!"

டிபன் டப்பாவின் லேபிள் முதல் வாரமே சோப்போடு போய்விட்டிருந்தது. பக்கெட் அறையில் இல்லை. குளியலறையில் மூன்றாவது கதவுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம். எம்.எஸ்சி. படிக்கும் அக்கா ஒருத்தி உள்ளே இருந்தாள்.

"அக்கா, அது என் பக்கெட்டா?"

"ஆமாடி. சொல்லாம எடுத்துட்டேன், கோச்சுக்காத."

"பரவால்லக்கா. அதுல ஒரு லேபிள் இருக்கும், படிச்சுச் சொல்லுங்க."

உள்ளே தண்ணீர் நின்றது. "நான் குளிச்சிட்டு இருக்கேன்டி!"

"குளிச்சிட்டே படிங்கக்கா. அர்ஜென்ட்."

பக்கெட்டை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆறு... அதுக்கப்புறம் தேஞ்சு போச்சு... கடைசில புள்ளி ரெண்டு."

"நடுவுல?"

"நடுவுல சோப்பு."

ஆறில் தொடங்கினால் இரண்டாம் மாடி. மருத்துவம், இயந்திரம், விவசாயம், சமையல் என்று எட்டாயிரம் புத்தகம் அங்கே நிற்கிறது. பாக்கி இருந்தது குடை ஒன்றுதான். அதைப் போன வாரம் மழையில் கேன்டீன் மாஸ்டர் இரவல் வாங்கியிருந்தார். மணி பன்னிரண்டு இருபது. வேலைக்கும் நேரமாகிவிட்டது. இரண்டு பேரும் ஓடினார்கள்.

கேன்டீன் ஜன்னலில் தட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. மாஸ்டர் கரண்டியோடு வாசலிலேயே நின்றார்.

"வாங்க மகாராணி. அரைமணின்னு பேரு வெச்சவங்களச் சொல்லணும். இருபது நிமிஷம் லேட்டு!"

"மாஸ்டர், என் குடை எங்க?"

"தட்டு குவிஞ்சு கிடக்கு, குடையக் கேக்குறா பாரு. வெளிய வெயிலடிக்குதும்மா."

"எங்க மாஸ்டர்?"

அவர் முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. கழுவும் தொட்டிக்கு மேலே குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கீழே அவள் குடை தலைகீழாக விரித்துக் கட்டப்பட்டிருந்தது. பாதிக் குடை தண்ணீர். "பிளம்பர் நாளைக்கு வரேன்னான்" என்றார் மாஸ்டர். எந்த நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிக் காம்பைப் பிடித்துத் துடைத்துப் பார்த்தாள். 636.5. டேப்புக்குள் பளிச்சென்று இருந்தது.

"கோழி!" என்று கத்தினாள்.

"இன்னிக்கு மெனுவுல கோழி இல்லையே" என்றார் மாஸ்டர்.

"கோழி வளர்ப்பு, மாஸ்டர்! புள்ளி அஞ்சு கோழி. அப்போ பக்கெட்டு புள்ளி ரெண்டு, மாடு. மூணு ஆடு, நாலு பன்னி. டப்பா ஒண்ணு, நோட்டு ஒண்ணு. என் நோட்டு ஆட்டுகிட்ட இருக்கணும், இல்ல பன்னிகிட்ட!"

மாஸ்டர் அலாரத்தைப் பார்த்தார். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

அலாரம் நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைப்பது ரொம்ப அபூர்வம். "போ. ஆனா இந்தத் தட்டு?"

"நான் கழுவுறேன்" என்றாள் அலாரம்.

"நீ உன் தட்டையே கழுவ மாட்டியேடி."

"அதனால என்ன? இது ஊரார் தட்டுதானே. போடி!"

"அரை மணியில வந்துடு" என்றார் மாஸ்டர். அன்றைக்குத்தான் முதல்தடவையாக அந்த வார்த்தையை அவளுக்கு வேறொருவர் சொன்னார்.

நூலகத்தின் அடுக்குப் பகுதிக்குப் பொறுப்பான அம்மாவை ஸ்கேல் மேடம் என்பார்கள். கையில் எப்போதும் ஓரடி ஸ்கேல் இருக்கும். புத்தக முதுகுகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று வைத்துப் பார்ப்பார். எந்த அலமாரியிலும் ஒரு புத்தகம் இடம் மாறியிருந்தால் தன் பேரையே மாற்றிக்கொள்வதாகப் பத்து வருஷமாகச் சவால் விடுகிறவர். சவால் விட்டு விட்டே சொந்தப் பேர் மறந்துபோய் ஸ்கேல் ஆகிவிட்டது, அது வேறு கதை.

"மேடம், அறுநூத்தி முப்பத்தாறு வரிசையில என் ரெக்கார்டு நோட்டு இருக்கு."

"இருக்க முடியாது. அந்த வரிசைய நேத்துதான் நானே சரிபார்த்தேன். பட்டியல்ல இருக்கறது அலமாரியில இருக்கு, அலமாரியில இருக்கறது பட்டியல்ல இருக்கு."

"ஒரே ஒரு தடவ பாக்கலாமே மேடம்."

"வா. பாத்துட்டு நீயே சொல்லு."

மாட்டைத் தாண்டினார்கள். ஆடு மூன்று புத்தகம், கோழி ஆறு புத்தகம். நடுவில் ஒரு பழுப்பு நோட்டு, முதுகு ஸ்கேல் வைத்தாற்போல நேராக, 636.4. மேடம் எடுத்தார். முன்னட்டையில் அரைமணியின் நிஜப் பேர், வேதியியல், மூன்றாம் ஆண்டு. மேடம் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். 636.4 எதிரே அவர் கையாலேயே போட்ட சிவப்பு டிக்.

"பன்னி புத்தகம் எங்க?" என்றார், குரல் இறங்கி.

"கிழிஞ்சிருக்குன்னு போன வாரம் பைண்டருக்கு அனுப்பினீங்க மேடம்."

மேடம் கொஞ்ச நேரம் ஸ்கேலால் தன் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அடுக்கினது நீ."

"சரிபார்த்தது நீங்க மேடம்" என்று வாய்வரை வந்தது. புத்திசாலிப் பெண், விழுங்கிவிட்டாள்.

நோட்டோடு கேன்டீனுக்கு ஓடி வந்தபோது அலாரம் முழங்கை வரை நுரையோடு பாடிக்கொண்டிருந்தாள். பாதித் தட்டுகூடத் தீரவில்லை. மீதியை இருவரும் சேர்ந்து கழுவி முடிக்க இரண்டேமுக்கால். ஆய்வகத்துக்கு நடக்கும்போது அம்மாவின் போன்.

"என்னடி, மூச்சு இப்படி வாங்குது?"

"காலையிலேர்ந்து பன்னியத் தேடி ஓடினேன்மா."

"காலேஜுலயா?"

"லைப்ரரியிலம்மா. கிடைச்சிடுச்சு. சாயங்காலம் சொல்றேன்."

"சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டார். உலகமே புரண்டாலும் அந்தக் கேள்வி வந்துவிடும். சாப்பிடவில்லை என்பது அரைமணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆய்வக உதவியாளர் முன்னால் நீண்ட வரிசை. அவள் முறை வந்தபோது மூன்று இருபது. நோட்டைப் பயபக்தியோடு நீட்டினாள். அவர் முதுகைப் பார்த்தார்.

"இது லைப்ரரி புத்தகம்."

"இல்ல சார், என் ரெக்கார்டு. உள்ள பாருங்க."

"நம்பர் ஒட்டியிருக்கும்மா. லைப்ரரி சொத்த நான் கை நீட்டி வாங்கினா என் வேலை போயிடும். திருப்பிக் குடுத்துட்டு வா."

அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தையற்காரம்மா பெற்ற மகள் ஒட்டியது, அசையுமா? சுரண்டச் சுரண்ட அட்டைதான் உரிந்தது.

"கிழிச்சு வேற எடுத்துட்டு வந்திருக்க" என்றார் உதவியாளர். "லைப்ரரியில எழுதி வாங்கிட்டு வா. நாலு மணி வரைக்கும் இருப்பேன். நாலு ஒண்ணுக்கு இருக்க மாட்டேன்."

மறுபடியும் ஓட்டம். அன்று அவள் ஓடிய தூரத்துக்கு விளையாட்டுத் துறையில் கோப்பையே கொடுத்திருக்கலாம். ஸ்கேல் மேடம் விஷயத்தைக் கேட்டார். மேஜை டிராயரைத் திறந்து, பழைய புத்தகங்களைக் கழிக்கும்போது குத்துகிற பெரிய ரப்பர் முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, நோட்டின் முதல் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். 'நூலக இருப்பிலிருந்து நீக்கப்பட்டது.' கீழே தேதி, கையெழுத்து. கையெழுத்தும் கோட்டில் நேராகத்தான் இருந்தது.

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கட்டும்" என்றார்.

"சரி மேடம்" என்றாள் அரைமணி. கேன்டீன் மாஸ்டருக்குத் தெரிந்த செய்தி விடுதிக்காவலர் வரை போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை அவள் சொல்லவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டு. உதவியாளர் முத்திரையைப் படித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மறுபடி படித்தார். "இப்போ முறைப்படி இருக்கு" என்று வாங்கி மற்ற நோட்டுகளோடு அடுக்கினார்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அரைமணியின் நோட்டைப் பிரித்தவர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "சோதனையெல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு. எதுக்கு நீக்கினாங்க?"

"இடம் மாறி இருந்தேன் சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. நல்லவர், சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். அவள் தேறிவிட்டாள். அம்மாவிடம் போனில் ஏழு நிமிஷமும் மதிப்பெண்ணைப் பற்றியேதான் பேசினாள்.

தேர்வுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போலத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனாள். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. ஸ்கேல் மேடம் அலமாரி ஓரத்தில் முத்திரையும் மைப்பெட்டியுமாக நின்றார். பக்கெட் கதை கேன்டீன் வழியாக அவர் காதுக்கும் வந்திருந்தது.

"அந்தப் பக்கெட்டையும் குடையையும் எடுத்துட்டு வா" என்றார். "கணக்குல அதுங்க இன்னும் என் புத்தகம்."

"குடை வேலையா இருக்கு மேடம்" என்றாள் அரைமணி. "பிளம்பர் வரணும். பக்கெட்ட வேணா அரை மணி நேரத்துல கொண்டு வரேன், உள்ள யாரும் குளிக்காம இருந்தா."