டிஸ்க் நிறைந்த பிற்பகல்

"சர்வர் தானா படுக்காது. யாராவது படுக்க வைக்கணும். அந்த ஆளு நானா இருந்தா, என் பேரையே மாத்தி வெச்சுக்கறேன்!"

துப்பறிவாளர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இப்படி முழங்கினார். சபையில் இருந்தவர் அவர் மனைவி மட்டுமே. "தட்டை எடுங்க, மேசையைத் துடைக்கணும்" என்றார் அவர்.

துப்பறிவாளர் என்பது பரிசோதனைக்கூடத்தார் சூட்டிய பட்டம். எந்தக் கோளாறுக்கும் ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்காமல் அவர் ஓய்ந்ததில்லை. இரத்தம், கண், எக்ஸ்ரே என்று எல்லா முடிவுகளும் குடியிருக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. வரவேற்பு மேசை மனைவியின் பொறுப்பு. டேட்டாபேஸ் தும்மினால் திட்டு வாங்குவது வரவேற்பு மேசை. உலக நியதி அது.

அன்று பிற்பகல் பழைய முடிவுகள் திரையில் ஒழுங்காக வந்தன. புதிதாக ஒன்றைச் சேமிக்கப் போனால் மட்டும் சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மேசைக்கு முன்னால் ஒரு பஸ் ஓட்டுநர். கண் பரிசோதனை முடிவை மாலைக்குள் டிப்போவில் கொடுத்தால்தான் அவருக்கு வேலை.

மனைவி உள்ளறைக்குப் போன் போட்டார். "ஏங்க, எதுவும் சேவ் ஆகமாட்டேங்குது."

"எலக்ட்ரீஷியன் எங்க?"

"ஏணி மேல. பல்பு மாத்தறாரு."

"அவன்தான்! வயரை இழுத்துட்டான். இறங்கச் சொல்லு."

எலக்ட்ரீஷியன் இறங்கினார். சக்கரம் சுற்றியது. அடுத்து எக்ஸ்ரே அறைப் பெண் மேல் சந்தேகம். ஒரே நேரத்தில் இரண்டு விண்டோ திறந்த குற்றம். ஒன்றை மூடினாள். சக்கரத்துக்கு இரக்கமில்லை. சர்வநோய் நிவாரணியான ரீஸ்டார்ட்டை நோக்கி அவர் விரல் நகர்ந்தபோது, மனைவி கதவருகே வந்து நின்றார்.

"அந்த டிரைவரண்ணன் கடிகாரத்தையே பாத்துட்டு இருக்காருங்க. என்னால அவரு முகத்தைப் பாக்க முடியல."

விரல் நின்றது. துப்பு துலக்குவதை விட்டுவிட்டு, துப்பறிவாளர் சர்வர் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் எர்ரர் லாகைத் திறந்து படித்தார். சர்வர் பாவம், தெளிவாகவே எழுதி வைத்திருந்தது: டிஸ்க்கில் இடமில்லை, யாராவது இடம் பண்ணிக் கொடுக்கும்வரை காத்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் இத்தனை பொறுமையாகக் காத்திருந்த ஜீவன் வேறில்லை.

இடத்தை விழுங்கியது யார்? ஜெனரல் லாக். டேட்டாபேஸிடம் யார் என்ன கேட்டாலும் ஒரு வரி விடாமல் எழுதும் கோப்பு. சாதாரணமாக அது உறங்கிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸை இழுத்தடிக்கும் பாவி யாரென்று கையும் களவுமாகப் பிடிக்க, போன வாரம் ஒரு மகானுபாவர் அதைத் தட்டி எழுப்பியிருந்தார். பாவி அகப்படவில்லை, லாகை அணைக்க மறந்துபோனது. எலிக்கு வைத்த பொறி வீட்டையே அடைத்துக்கொண்டது.

கோப்பை அழித்தார். இம்மியளவும் இடம் கிடைக்கவில்லை. சர்வர் அதை இன்னும் திறந்து வைத்து, கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. லாகை அணைத்தார், சர்வர் பிடியை விட்டது. டிஸ்க் மூச்சுவிட்டது, சக்கரம் நின்றது. வரவேற்பு மேசையில் பிரிண்டர் கனைத்தது. காகிதத்தை வாங்கிய ஓட்டுநர், "வரேம்மா!" என்றபடி வாசலைத் தாண்டி ஓடினார். மனைவி வெகுநேரத்துக்குப் பின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

துப்பறிவாளர் வெளியே வந்தார். எலக்ட்ரீஷியன் இன்னும் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏறுங்கண்ணே, உங்க மேல தப்பில்ல. ஏணியை நான் பிடிச்சுக்கறேன்."

இரண்டு படி ஏறியவர் குனிந்து பார்த்தார். "அப்ப யாரு சார் அது?"

துப்பறிவாளர் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்ணே. பாத்து ஏறுங்க."